கொடிமேட்டு மிதியியல்

மாணாக்கனே, ஏட்டை விரி. இன்று தொடங்கும் துறையின் பெயர் கொடிமேட்டு மிதியியல். கொடிமுந்திரி விளையும் மேட்டு நிலத்தில், ஊர்தி அருகிய வழிகளைத் தேர்ந்து, மிதிவண்டியேறிப் பல நாள் செல்லும் செலவை ஆராய்வது இத்துறை. இவ்வரையறையில் வீண்சொல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒன்றைச் சேர்க்கவும் ஒன்றைத் தள்ளவும் வைத்தது.

'கொடிமுந்திரி விளையும்' என்றதனால் நெல்லும் கரும்பும் விளையும் நிலங்கள் நீங்கின. 'மேட்டு நிலத்தில்' என்றதனால் பிரான்சின் மெதோக் நீங்கிற்று. அதன் கொடிமுந்திரித் தேறல் பெரும்புகழ் உடையது, நிலமோ தட்டை. செருமனியின் மோசல் ஆற்றங்கரையும் நீங்கிற்று. இது கேட்டுச் சிலர் சினப்பர். பிரெம் என்னும் ஊரருகே கால்மோந்துச் சரிவில் கொடிகள் ஏறத்தாழ 65 பாகைச் சாய்வில் நிற்கின்றனவே, அதனினும் மேடு உண்டோ என்பர். உண்டென்று யாமும் சொல்லோம். ஆயினும் அங்கே ஏறுவது கொடி. மிதிவண்டி வழியோ கீழே ஆற்றை ஒட்டித் தட்டையாகச் செல்கிறது. கொடி பட்ட பாட்டை மிதிப்பவன் கணக்கில் எழுதுதல் முறையன்று. 'பல நாள்' என்றதனால், ஞாயிறு விடியலில் கிளம்பி நண்பகல் உணவுக்கு வீடு சேர்வோர் நீங்கினர். அவர்களுக்கு வேறு நூல் உண்டு, அது சிறியது.

உலகம் முழுவதையும் களமாகக் கொண்டு எழுதுவோர் எதையும் அருகிருந்து பாராதவர். யாம் ஒரே நிலத்தை எடுத்துக்கொண்டோம். இத்தாலி நாட்டில், பிளாரன்சுக்கும் சியேனாவுக்கும் இடையே கிடக்கும் கியாந்தி மேடுகள் அவை.

முதல் இயல்: நிலம்

இதனைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். 1716ஆம் ஆண்டில் தசுக்கனியின் பெருங்கோமான் மூன்றாம் கோசிமோ, கியாந்தித் தேறல் எந்த எல்லைக்குள் விளைந்ததாக இருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டான். தேறலுக்கு நிலவெல்லை வகுத்த மிகப் பழைய ஆணைகளுள் அதுவும் ஒன்று. இன்று 'கியாந்தி கிளாசிக்கோ' என்று பெயர் பொறித்து விற்கும் தேறலில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் சாஞ்சோவேசே என்னும் கருங்கனி இருத்தல் வேண்டும்.

மிதியியலார் அறியவேண்டியது இதனினும் அடிப்படையானது. கொடிமுந்திரியின் வேர் நீர் தேங்குவதைப் பொறாது. அதன் கனி வெயிலை நாடும். சரிவு நீரை வடிக்கும், வெயிலை நேரே வாங்கும். மண்ணும் அதற்கேற்ப உடைகல் மண். உள்ளூரார் ஒருவகையைக் கலேசுத்ரோ என்றும் ஒருவகையை அல்பெரேசே என்றும் அழைப்பர். எனவே நல்ல கொடி மேட்டில் நிற்கும். கொடியை வளர்ப்பவன் மேட்டில் குடியிருப்பான். அவன் வீட்டுக்குப் போகும் வழியும் மேடேறும். தேறலும் மேடும் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பது தற்செயல் அன்று. இதனை முதல் நூற்பாவாகக் கொள்க.

இரண்டாம் இயல்: வழி

வழியை வகுக்குமுன் அமைதி என்பதை வரையறுத்தல் வேண்டும். ஒரு சாரார், ஊர்தியே இல்லாத வழி அமைதிவழி என்பர். அற்றன்று. அத்தகைய வழி கியாந்தியில் இல்லை. இருப்பின் அது இடிந்த பாலத்தில் முடியும். யாம் கூறுவது இது: இரண்டு ஊர்திகளுக்கு இடையே மிதிப்பவன் ஓர் எண்ணத்தைத் தொடங்கி, வளர்த்து, முடிக்க இயலுமாயின் அஃது அமைதிவழி. இவ்வளவைக்கு 'ஓரெண்ணம்' என்று பெயர். நான்கு வகை வழிகளும் இவ்வளவையால் பிரிவன.

ஒன்று, ஓட்டவழி. சியேனாவையும் பிளாரன்சையும் இணைக்கும் நால்வரிசைப் பெருஞ்சாலை இது. மிதிவண்டிக்கு இங்கு இடமில்லை. இதனால் மிதிப்போர் பலர் இதனை வெறுப்பர். யாம் ஏத்துவோம். இந்நிலத்தின் மேற்கு ஓரமாகச் சென்று சரக்குந்துகளையும் விரைவோரையும் தன்பால் இழுத்துக்கொள்வது இச்சாலையே. உள்நாட்டு மேடுகளின் அமைதிக்கு இது வாய்க்கால் வெட்டி நீர் வடித்தது போன்ற உதவி செய்கிறது. அமைதிவழியின் முதற்கொடையாளி ஓர் இரைச்சல்வழி என்பதை மாணாக்கன் மறவாதிருக்க.

இரண்டு, முதுகுவழி. 222ஆம் எண் சாலை. கிரேவே, பான்சானோ, காசுத்தெல்லீனா ஆகிய ஊர்களைக் கோத்துக்கொண்டு வடக்கு தெற்காகச் செல்வது. கியாந்தியைப் பார்க்க வருவோர் எல்லாரும் இதன்மேல் வருவர். ஞாயிறுகளில் உந்துருளிகள் கூட்டமாக வரும். இங்கே அமைதி அரையெண்ணம்.

மூன்று, இடைவழி. ஊரையும் ஊரையும் குறுக்கே இணைக்கும் ஒடுங்கிய தார்வழிகள். காசுத்தெல்லீனாவிலிருந்து இராத்தா, இராத்தாவிலிருந்து கயோலே, பான்சானோப் பக்கத்து லாமோலே என்றவாறு. ஓரெண்ணம் முதல் மூன்றெண்ணம் வரை கிட்டும். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் கனி கொய்யும் நாள்களில், கனி நிறைந்த இழுவண்டியோடு உழுவுந்து ஒன்று முன்னே ஊர்ந்து செல்லும். அதனை முந்துவது பிழை. அதன் பின்னே செல்வோன் காற்றெதிர்ப்பின்றிப் போகலாம், மணமும் உண்டு.

நான்கு, வெள்வழி. தார் பூசாத, சுண்ணக்கற் பொடி வெளுத்த பரல்வழி. இதுவே இந்நூலின் உயிர்நிலை. அமைதி எண்ணற்றது, ஏறும்போது எண்ணமே இல்லாது போதலும் உண்டு. பரப்பால் இது நால்வகைப்படும். பொடி: உருளை புதையும், பின்வருவோன் வெளுப்பான். பரல்: உருளை வழுக்கும். அலை: ஊர்திகள் அழுத்தியழுத்திக் குறுக்கு வரிகளாக்கிய பரப்பு; இதன்மேல் இறங்கும்போது பற்கள் ஒன்றோடொன்று பேசும். கூழ்: மழைக்குப் பின் மேற்சொன்ன மூன்றும் கலந்து ஆவது. கூழின்மேல் சென்ற வண்டியை விடுதிக்குள் கொண்டு செல்லுமுன் கேட்டுக்கொள்க.

கடா: நாடெங்கும் தார் பூசப்பட்டபோது இவ்வழிகள் மட்டும் ஏன் வெளுப்பாக எஞ்சின?

விடை: வறுமையால். இம்மேடுகளில் நெடுங்காலம் நிலவிய உழவு முறை வாரமுறை. நிலம் கோமானுடையது; உழைப்பு குடியானவனுடையது; விளைவில் பாதி அவனுக்கு, பாதி இவனுக்கு. ஒவ்வொரு வாரக்குடிக்கும் தன் நிலத்தின் நடுவே மேட்டின்மேல் கல்வீடு ஒன்று. அவ்வீட்டையும் அடுத்த வீட்டையும், வீட்டையும் கோவிலையும், கோவிலையும் ஆலையையும் இணைத்தவை இவ்வழிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியானவர் கூட்டங்கூட்டமாகத் தொழிலூர்களுக்குப் பெயர்ந்தனர். 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார உடன்பாடுகளைத் தடுத்தது. ஆளற்ற வீட்டுக்கு யார் தார் போடுவர்? வழிகள் அப்படியே கிடந்தன. பின்னர் அவ்வீடுகளை வாங்கிய வெளியூர்ச் செல்வர், பழமை கெடலாகாது என்று தாரை வேண்டாம் என்றனர். ஒருவன் இன்மையால் விட்டதை மற்றொருவன் உடைமையால் விட்டான். மிதிப்பவன் இருவருக்கும் நன்றியுடையன். முன்னவனுக்குச் சற்று மிகுதியாக.

எனினும் இவ்விரண்டுமே போதாவாயின. தார் மெல்ல ஊர்ந்து வருவதைக் கண்ட சான்கார்லோ புரோச்சி என்பார், 1997ஆம் ஆண்டில் கயோலே ஊரில் 'எரோய்க்கா' என்னும் மிதிச்செலவைத் தொடங்கினார். முதன்முறை வந்தோர் 92 பேர். வெள்வழிகள் காக்கப்படவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இன்று அம்மிதிச்செலவின் 209 கி.மீ. நெடுஞ்சுற்று, ஆண்டு முழுவதும் வழிகாட்டிப் பலகைகளோடு நிற்கிறது. தொழில்முறை மிதிப்போருக்கான 'இசுத்ராதே பியாங்கே' போட்டி 2007இல் இதிலிருந்தே பிறந்தது. அப்போட்டியின் பெயர்பெற்ற மோந்தே சாந்தே மரியே வழி, மும்முறை வென்ற கான்செலாராவின் பெயர் தாங்கி நிற்கிறது. ஆயினும் அது களிமண் மேடு. அங்கே கொடி இல்லை. ஆதலின் அவ்வழி எவ்வளவு வீறுடையதாயினும் இந்நூலுக்குப் புறம்பே.

மூன்றாம் இயல்: மேடு

100 மீட்டர் செல்வதற்குள் எத்தனை மீட்டர் உயர்கிறதோ அத்தனை விழுக்காடு சாய்வு. இதனை அளக்கக் கருவி உண்டு. கருவியை நோக்குவோன் வழியை நோக்கான். ஆதலின் யாம் பேச்சளவை என்னும் முறையைக் கைக்கொள்கிறோம். அதன்படி, உடன் மிதிப்பவனின் மொழியே சாய்வைக் காட்டும்.

3 விழுக்காடு வரை முற்றுத்தொடர் நிகழும்: "அந்தக் கோட்டை புரோலியோவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்." 3 முதல் 6 வரை எச்சத்தொடர்: "அந்தக் கோட்டையைப் பார்த்து..." என்று நின்றுவிடும், முடிக்கும் வினை மேலே உச்சியில் வரும். 6 முதல் 9 வரை பெயர்ச்சொல் மட்டும்: "கோட்டை." 9 முதல் 12 வரை இடைச்சொல் மட்டும், 'ஐயோ', 'அம்மா' ஆகியவை அடங்கும். 12க்கு மேல் ஆய்தம் ஒன்றே ஒலிக்கும். சியேனா ஊருக்குள் நுழையும் புனித காத்தரீனா தெருவில் சாய்வு 16 விழுக்காட்டைத் தொடும். ஆங்கே எழுத்து எதுவும் பிறவாது.

இனி மேட்டின் வகைகள்.

கண்மேடு: அடியில் நின்றால் உச்சிவரை தெரிவது. புரோலியோக் கோட்டைக்கு ஏறும் வெள்வழி இதற்கு எடுத்துக்காட்டு. சைப்ரசு மரங்கள் இருபுறமும் நிற்க, வழி மறைவின்றிக் காணும். எரோய்க்கா நாளில் விடியலுக்கு முன்னே இவ்வழியோரம் தீச்சுடர்கள் ஏற்றி வைப்பர். கண்மேட்டின் துன்பம் முன்னறிவு.

மடிமேடு: வளைவுக்கு வளைவு மறைப்பது. இதன் துன்பம் நம்பிக்கை. ஒவ்வொரு வளைவிலும் மிதிப்பவன் இதுவே இறுதி என்று கருதி முழு ஆற்றலையும் செலவிடுவான். அடுத்த வளைவில் மீண்டும் கருதுவான். ஏழு வளைவு கருதியவன் எட்டாவதில் கருதுவதை நிறுத்துவான்; அப்போது உச்சி வரும்.

பொய்யுச்சி: உச்சிபோல் தோன்றி, 50 மீட்டர் இறங்கி, மீண்டும் ஏறுவது. அவ்விறக்கம் ஈகையன்று, வட்டிக்கு விட்டது.

ஊர்மேடு: ஊருக்குள் புகும் மேடு. கியாந்தியில் இராத்தா, காசுத்தெல்லீனா, பான்சானோ, வோல்பாயா எல்லாம் முகட்டில் நிற்கும். பிளாரன்சும் சியேனாவும் பல நூறாண்டு இந்நிலத்துக்காகப் பொருதன. ஊர்கள் கோட்டைகளாகக் கட்டப்பட்டன. ஏறிவரும் பகைவன் மதிலை அடையுமுன் மூச்சிழக்கவேண்டும் என்பது கட்டியோர் கருத்து. அவ்வேற்பாடு இன்றும் பழுதின்றி வேலை செய்கிறது. புறனடை: கிரேவேயும் கயோலேயும் தாழ்வில் உள்ளன. என்னை? அவை சந்தையால் வளர்ந்த ஊர்கள். சந்தைக்கு வருவோனைக் களைப்பிப்பதில் வணிகனுக்கு ஊதியமில்லை. கிரேவே ஊரின் மன்றம் இன்றும் முக்கோண வடிவினது. சுற்றிலும் தூண்வரிசைத் தாழ்வாரம். மிதிப்பவன் அதன் ஒரு மூலையில் வண்டியைச் சாய்த்து, மற்ற இரண்டு மூலைகளையும் ஐயுறாது அமரலாம்.

கடைமேடு: இதுவே மேடுகளில் தலையாயது, ஆதலின் சற்று விரித்துரைப்போம். பகல் முழுதும் ஏறியிறங்கி, விடுதியின் பெயர்ப்பலகையைக் கண்டு, கையுறையைக் கழற்றிய பின் எதிர்ப்படும் மேடு அது. அதன் இயல்புகள் ஐந்து. அது வெள்வழியாக இருக்கும். நிலப்படத்தில் இராது. 12 விழுக்காட்டுக்குக் குறையாது. விடுதிக்கிழத்தி முன்னரே எழுதியனுப்பிய மடலில் அது 'சாலையிலிருந்து சிறிது உள்ளே' என்று குறிக்கப்பட்டிருக்கும். ஐந்தாவது, அதன் பாதியில் நாய் இருக்கும். கடைமேட்டில் இறங்கி உருட்டுவது இழுக்கன்று என்பது பெரும்பாலார் கொள்கை. யாம் உடன்படோம். கடைமேடு காண்பார் உள்ள மேடு; விடுதியின் மேல்மாடத்தில் முன்னரே வந்தோர் கிண்ணத்தோடு அமர்ந்திருப்பர். அங்கே ஏறிமுடித்தவன் மட்டுமே அவர்களை நிமிர்ந்து நோக்கி மாலை வணக்கம் சொல்ல இயலும்.

இறக்கம் தனி வகையாகாதோ எனின், ஆகாது. இறக்கம் என்பது நாளைய மேடு. அதனை மேட்டின் உள்வகையாகவே கொள்க.

நான்காம் இயல்: ஓசை

அமைதிவழியில் ஓசை இல்லை என்பது பிழை. அங்கேதான் ஓசை கேட்கும். அது தன்னோசை, நிலவோசை என இருவகைப்படும். தன்னோசையாவன மூச்சு, பரல்மேல் உருளும் உருளை, எண்ணெய் வற்றிய தொடரியின் கீச்சு. மூன்றாவது தன் வண்டியினது என்று எவனும் ஒப்புக்கொள்ளான்.

நிலவோசையுள் முதன்மை சேவல். கியாந்தித் தேறலின் அடையாளம் கருஞ்சேவல். 1924இல் இராத்தா ஊரில் 33 விளைப்போர் கூடி அமைத்த கூட்டிணைவு அதனைச் சின்னமாகக் கொண்டது. அதன் பின்னே செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. எல்லையைத் தீர்க்க, விடியலில் சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்புவதென்றும், இருவரும் சந்திக்கும் இடமே எல்லையென்றும் முடிவாயிற்றாம். சியேனத்தார் வெண்சேவலை ஊட்டி வளர்த்தனர். பிளாரன்சினர் கருஞ்சேவலைப் பட்டினி போட்டனர். பசித்த சேவல் முன்னரே கூவிற்று. வீரர் சந்தித்த இடம் போந்தேருத்தோலி, சியேனாவுக்கு மிக அண்மை. இச்செய்தியை வரலாற்றார் ஏலார். மிதியியலார் ஏற்பர், விடியலில் கிளம்பியவனுக்கே நிலம் என்பது கோடையில் நாள்தோறும் மெய்யாகும் நூற்பா.

நாயோசை மூவகை. வேலிக்குள் குரைப்பது, வேலிக்கு வெளியே குரைப்பது, குரையாது வருவது. முதல் இரண்டும் ஓசை இயலில் அடங்கும். மூன்றாவது விரைவு இயலில் அடங்கும்.

வேட்டுவோசை இலையுதிர் நாள்களுக்கு உரியது. காட்டுப்பன்றி கனியுண்ணும், ஆதலின் கொடித்தோட்டங்களைச் சுற்றி மின்வேலியும் காட்டில் துமுக்கிகளும் உள. அந்நாள்களில் பளிச்சென்ற மேற்சட்டை அணிக. அழகு கருதி மண்ணிறம் அணிந்தவன் பன்றியின் ஒப்புமை பெறுவான்.

இறுதியாக ஆப்பே ஓசை. மூன்று உருளையில் ஒலிவக் கூடைகளையோ கழிகளையோ ஏற்றிக்கொண்டு, மேட்டில் இருமியபடி ஏறும் சிற்றுந்து அது. தமிழ்நாட்டு மாணாக்கனுக்கு இவ்வோசையை விளக்கவேண்டுவதில்லை. பியாச்சியோ நிறுவனம் 1948இல் இதே தசுக்கனியின் போந்தேதேராவில் உருவாக்கிய ஆப்பேயின் வழித்தோன்றல்தான், நம் சிற்றூர்களில் ஆள்நிறைய ஏற்றிப்போகும் ஆப்பே தானி. கியாந்தியில் ஊரோசை கேட்டு ஒருவன் திடுக்கிட்டு வழிவிட்டால் அது பட்டறிவு.

ஐந்தாம் இயல்: மிதிப்போர்

பழவண்டியர்: 1987க்கு முற்பட்ட வடிவமைப்பினாலான எஃகு வண்டியர். எரோய்க்காவின் கட்டளை அது. பல்மாற்றி சட்டகத்தின் கீழ்க்குழாயில் இருத்தல் வேண்டும். மிதிகட்டையில் கால்வார் வேண்டும். தடைக்கம்பிகள் வெளியே தெரிதல் வேண்டும். இவர்கள் கம்பளிச் சட்டையோடு வருவர். தடையைப் பற்றினால் வண்டி நிற்கும் என்பது இவர்களுக்கு நம்பிக்கை மட்டுமே.

மின்வண்டியர்: இவர் மிதிப்போரா அல்லரா என்பது நெடுவழக்கு. ஐரோப்பியச் சட்டப்படி இவர்தம் பொறி 250 வாட்டுக்கு மேற்படலாகாது. மணிக்கு 25 கி.மீ. கடந்தால் உதவலாகாது, மிதித்தாலன்றி இயங்கலாகாது. மிதித்தாலன்றி இயங்காமையின் இவர் மிதிப்போரே எனத் தீர்த்தோம். ஆனால் பேச்சளவை இவருக்குப் பொருந்தாது. 12 விழுக்காட்டில் இவர் முற்றுத்தொடர் பேசுவார்; அதனினும் கொடிது, விடை எதிர்பார்ப்பார். மேட்டில் இவர் வாய் மூடியிருத்தல் கடன். மின்கலம் தீர்ந்த மின்வண்டியர் தனி இனம். இருமடங்கு எடையுள்ள வண்டியை ஏற்றுவோரைக் கண்டால் எழுந்து நிற்க.

இணையர்: முன்னவர், பின்னவர் என இருவர். முன்னவர் உச்சியை அடைந்து, நீர் பருகி, படம் எடுத்து, இளைப்பாறி நிற்பார். பின்னவர் வந்துசேர்ந்த நொடியே "கிளம்பலாமா?" என்பார். ஆகவே ஒரு நாளில் முன்னவர் பெறும் ஓய்வு உச்சிதோறும் பத்து மணித்துளி. பின்னவர் பெறுவது சுழி. இல்லறவியல் எழுதியோர் இதனைத் தொடாது விட்டது பெருங்குறை.

உருட்டுநர்: மேட்டில் இறங்கி வண்டியை உருட்டுவோர். மணிக்கு ஆறு கி.மீ.க்குக் கீழே வண்டி நிலைகொள்ளாது தள்ளாடும். அப்போது இறங்குதல் அறிவுடைமை. ஆயினும் அறிவால் இறங்கினேன் என்று சொன்னவரை யாம் கண்டிலம். அவர் காட்டும் தலைக்கீட்டால் இவ்வினம் ஐந்தாகப் பிரியும். காட்சியுருட்டு: பள்ளத்தாக்கின் அழகில் தோய்ந்தவர்போல் நடப்பது, இரு கரையும் காடாக இருந்தால் இது செல்லாது. படவுருட்டு: கைப்பேசியை எடுத்து நடப்பது. பழுதுருட்டு: குனிந்து தொடரியை உற்றுநோக்கி, தலையசைத்து நடப்பது. தோழமையுருட்டு: பின்வருவோனுக்காகக் காத்து நடப்பது, எல்லாரும் முன்னே போய்விட்டபோதும் சிலர் இதனைக் கையாள்வர். கனியுருட்டு: வேலியோரக் கனியின் முதிர்ச்சியை ஆராய்பவர்போல் நடப்பது. இவ்வைந்தனுள் இறுதியதே கொடிமேட்டுக்குச் சிறப்பாக உரியது; ஏனைய நான்கும் எம்மேட்டுக்கும் பொது. பறித்துத் தின்றால் அது களவு; வேறு நூலுள் அடங்கும்.

ஆறாம் இயல்: சுமை

பின்பை, முன்பை, கைப்பிடிப்பை என்பன எல்லாரும் அறிந்தவை, விரியேம். சட்டகத்துள் வைக்கும் சுமை ஒன்றுண்டு. பிளாரன்சின் புறத்தே போந்தே ஆ ஏமாவில் 1914இல் பிறந்த சீனோ பார்த்தாலி, 1938இலும் 1948இலும் பிரான்சுச் சுற்று மிதிவண்டிப் போட்டியை வென்றவர். இரண்டாம் உலகப் போரின்போது, பயிற்சிக்குச் செல்பவராகக் கிளம்பி, வண்டியின் குழாய்க்குள் யூதர்க்கான பொய்ச்சான்றுத் தாள்களை ஒளித்துக் கொண்டுசென்றார். உயிரோடிருக்கும்வரை அதைப் பெரிதாகப் பேசவில்லை. 2013இல் இசுரேலின் யாது வாசேம் நினைவகம் அவரை அறவோர் வரிசையில் சேர்த்தது. சுமையியலில் எடை குறைந்ததும் மதிப்பு மிக்கதும் அதுவே. அதனை வேறெதனோடும் ஒப்பிட்டு வகுக்க யாம் துணியோம்.

ஏழாம் இயல்: தேறல்

கியாந்தி கிளாசிக்கோ மூப்பால் மூவகை: 12 திங்கள் இருந்து வெளிவருவது; 24 திங்கள் இருக்கும் இரிசேர்வா; 30 திங்கள் இருக்கும் கிரான் செலசியோனே. மிதிப்போன் முதல்வகையோடு நிற்க. மற்ற இரண்டும் அமர்ந்திருப்போர்க்கு உரியன.

கடா: தேறல் மேடேற உதவுமோ?

விடை: கணக்கிடுவோம். ஆளும் வண்டியும் பையும் சேர்த்து 90 கிலோ என்க. 100 மீட்டர் உயர ஏற, புவியீர்ப்பை வெல்லவே ஏறத்தாழ 88 கிலோசூல் வேண்டும். உண்டதில் காற்பங்கே காலுக்குச் செல்லும். ஏனையது வெப்பமாகக் கழியும். எனவே உண்ணவேண்டுவது ஏறத்தாழ 85 கிலோகலோரி. 150 மில்லி லிட்டர் செந்தேறலில் ஏறத்தாழ 125 உண்டு. ஆகவே ஒரு கிண்ணம் 150 மீட்டர் ஏற்றத்துக்கு ஒக்கும். இதனைக் கண்டுகளித்த மாணாக்கன் எழுதுகோலைக் கீழே வைக்கவேண்டா. தேறலின் ஆற்றலில் பெரும்பங்கு வெறியத்தினது. வெறியத்தைத் தசை எரிபொருளாகக் கொள்ளாது. ஈரலே அதனை மெல்லச் சிதைக்கும். கிண்ணம் ஏறச் செய்வது ஈரலை மட்டுமே. கால் அடிவாரத்தில் நிற்கும். அன்றியும் இத்தாலியச் சட்டம் குருதியில் லிட்டருக்கு 0.5 கிராம் வெறியத்துக்கு மேல் இருப்போனை ஊர்தி செலுத்த விடாது, மிதிவண்டியும் ஊர்தியே. ஆதலின் பகலில் சுவைத்து உமிழ்க, மாலையில் உண்க. உமிழ்கலம் சுவைக்கூடங்களில் வைக்கப்பட்டிருக்கும்; பூச்சாடியையும் அதனையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

வாங்கிய குப்பி இருவகை. 750 மில்லி லிட்டர்க் குப்பி ஒன்று கண்ணாடியோடு ஒன்றேகால் கிலோவளவு இருக்கும். உச்சியில் வாங்குவது இறங்குகுப்பி. தாழ்வில் வாங்குவது ஏறுகுப்பி. விளைப்போர் பெரும்பாலும் உச்சியிலிருப்பதால் எல்லாக் குப்பியும் இறங்குகுப்பியாகவே பிறக்கும். அடுத்த மேட்டின் அடியில் ஏறுகுப்பியாக மாறும். இம்மாற்றத்தைத் தடுக்க வழி இரண்டே. விற்பவரிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் செய்தல் ஒன்று. தாழ்விலேயே தங்கி அன்றிரவு முடித்தல் மற்றொன்று. இரண்டாவதையே பழவண்டியர் மேற்கொள்வர்.

புறனடை

இங்குக் கூறாதன பிற மேடுகளில் காணப்படின், கூறியவற்றோடு ஒத்தன கொள்க. ஒவ்வாதன குறித்து வருக. பருவத்தால் ஏப்ரலும் மேயும், செப்டம்பரும் அக்டோபரும் நன்று, ஆகத்து தீது. தொடர்வண்டியில் வருவோர் பிளாரன்சிலேனும் சியேனாவிலேனும் இறங்குக. கியாந்தியின் உள்மேடுகளுக்குள் இருப்புப்பாதை இல்லை. மிதிவண்டிக்குத் தனிச்சீட்டு வாங்க மறவற்க.

பயிற்சி: இராத்தாவிலிருந்து இறங்கி வோல்பாயாவுக்கு ஏறுக. வோல்பாயா 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. அவ்வேற்றம் கண்மேடா, மடிமேடா, ஊர்மேடா, அன்றி இவை விரவியதா? நீ எவ்வெழுத்தில் மொழிந்தாய்? இறங்கி உருட்டினாயாயின், ஐந்தனுள் எவ்வுருட்டு? விடைகளை வோல்பாயாவின் கல்மன்றத்தில் அமர்ந்து எழுதி அனுப்புக. அடிவாரத்திலிருந்து எழுதிய விடைகள் திருத்தப்படா.